கைராசிக்காரன் கடையில் இரண்டு வரிசை

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை. காலை பதினொரு மணியிருக்கும். கனடாவில், ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் உள்ள என் மருந்துக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கார் நிறுத்துமிடத்தில் பனி கொட்டுகிறது. அதன் நடுவில் நிரோஷா நிற்கிறாள்.

நிரோஷா என் கடையில் வேலை செய்யும் பாமசிஸ்ற். குளிர் அங்கி போடாமலே ஓடியிருக்கிறாள். கடைக்குள் போடும் வெள்ளை மேலங்கியும் மெல்லிய சப்பாத்தும்தான். அவளுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறக் கார். காருக்குள் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கதிரவேலு மாஸ்ரர்.

அவள் கார் யன்னலில் தட்டுகிறாள். மாஸ்ரர் கண்ணாடியை இறக்கவில்லை. பக்கத்து இருக்கையில் அவருடைய மருந்துப் பை இருக்கிறது. அவள் கேட்பது அந்தப் பையைத்தான். அவர் தரமாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார். அவள் சுற்றிப்போய்க் காருக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் பொனற்றின் மேல் வைத்தாள்.

கடைக்குள் வரிசையில் நின்ற பத்துப் பதினொரு பேரும் என்னோடு சேர்ந்து வேடிக்கை பார்த்தார்கள். உவளுக்கு என்ன விசரோ என்று ஒருவர் கேட்டார். விசர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பைக்குள் இருந்தது என்னுடைய பிழை.

இத்தனை கிழமைகளாக இந்தப் பத்திரிகைத் தொடரில் வாய் ஓயாமல் என் பெருமையைப் பேசியவன் நான். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் நின்ற கதை இது.

கைராசி பிறந்த கதை

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்காபறோ தமிழர்களிடையே நான் கைராசிக்காரன். மார்க்கம் நகரத்தில் பெரிய வீட்டில் இருப்பவர்கள் வழியிலுள்ள பாமசிகளை எல்லாம் தாண்டி, பெற்றோல் எரித்து, என் கடைக்கு வந்து மருந்து வாங்குவார்கள். அதே குளிசை, அதே கொம்பனி, அதே அளவு. ஆனால் பையை என் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு அன்ரி பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மலச்சிக்கல் மருந்தையும் அப்படித்தான்.

இந்தக் கைராசி எப்படி வந்தது? பல வருடங்களுக்கு முன் கதிரவேலு மாஸ்ரரின் மனைவிக்கு மூன்று மாதமாக இருமல். மூன்று டொக்ரர்மார் பார்த்தார்கள். நான் அவருடைய மருந்துப் பட்டியலைப் பார்த்தேன். அதில் இருந்த ஒரு பிறெஷர்க் குளிசை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். டொக்ரருக்குப் போன் போட்டேன். அவர் குளிசையை மாற்றினார். இருமல் நின்றது.

இது எந்தப் பாமசிஸ்றுக்கும் தெரிந்த விஷயம். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மாஸ்ரர் கோயில் வீதியிலும், கலியாண மண்டபத்திலும், செத்த வீட்டிலும்கூட என் கையைப் பற்றிச் சொல்லித் திரிந்தார். என் படிப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. புகழ்ச்சியைத் திருத்தப் போவது அடக்கமில்லாத செயல் என்று நினைத்து நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இனி உண்மைக்கு வருவோம். ஆறு வருடத்துக்கு முன் அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. வலது கண்ணில் புகை படர்ந்தது. எங்கள் வயதானவர்களுக்குக் குளிசைகளை அட்டையில் அடைத்துக் கொடுப்போம். ஏழு நாள், நாலு வேளை, இருபத்தெட்டுக் குழி. ஒரு குழியில் ஐந்து ஆறு குளிசை போகும். நடுங்கும் கையால் செய்கிற வேலை இல்லை அது. அதனால்தான் நிரோஷாவை வேலைக்கு எடுத்தேன்.

நாலு வயதில் பெற்றோருடன் இங்கே வந்தவள். தகப்பன் பஸ் ஓட்டுகிறவர். இங்கேயே படித்து நல்ல புள்ளிகளுடன் வெளிவந்தவள். அன்றிலிருந்து என் கடையில் போகிற ஒவ்வொரு குளிசையும் அவள் கை பட்டது. டொக்ரரின் கிறுக்கலை வாசிப்பது அவள். ஒன்றோடொன்று சேராத மருந்துகளைப் பிடிப்பது அவள். அடைப்பது, சரிபார்ப்பது, மூடி ஒட்டுவது எல்லாம் அவள்.

என் வேலை முன்னால் நின்று சிரிப்பது. பேரப்பிள்ளையின் பரீட்சை என்னமாதிரி என்று கேட்பது. பிறகு பையைத் தொட்டுக் கொடுப்பது. லேபிளின் மூலையில் மிகச் சிறிய எழுத்தில் அவள் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துக் காலாவதித் திகதி பார்க்கிற ஆட்களும் அதைப் பார்த்ததில்லை.

ஊரிலை எவடம்?

ஒரு டொக்ரர் நோயைக் கண்டுபிடிக்க நாற்பது கேள்வி கேட்பார். ஸ்கான் எடுப்பார், இரத்தம் எடுப்பார். எங்கள் ஆட்களுக்கு ஒரு கேள்வி போதும். “ஊரிலை எவடம்?”

வெளியாருக்கு இது சாதாரண விசாரிப்பு. எங்களுக்கு அது பரிசோதனைக்கூடம். ஊரின் பெயர் வந்தால் போதாது, ஊரில் எந்தப் பக்கம் என்பது வர வேண்டும். கோயிலடியா, பள்ளிக்கூடத்தடியா, குளத்தடியா? பிறகு தகப்பனின் பெயர். மூன்றாவது பதிலில் ஒரு மனிதனின் பரம்பரையே வந்துவிடும். அதன் பிறகு அவர் டொக்ரராக இருந்தாலும் சரி, பாமசிஸ்றாக இருந்தாலும் சரி, படித்ததெல்லாம் சும்மா.

மாஸ்ரர் ஒருநாள் அந்தக் கேள்வியை நிரோஷாவிடம் கேட்டார். இன்சுலின் ஊசியை வயிற்றில் எந்த இடத்தில் போட வேண்டும் என்று அவள் விளக்கிக்கொண்டிருந்த நேரம். என் ஊரின் பெயரையே அவள் சொன்னாள். குளத்தடிப் பக்கம் என்று அப்பா சொல்வார் என்றாள். மாஸ்ரர் “ஓ, அப்பிடியே, நல்லது” என்றார். அந்த “நல்லது” எனக்குப் பழக்கமானது. அதற்குப் பிறகு நல்லது ஒன்றும் நடக்காது.

இரண்டு கிழமைக்குள் வரிசை மாறியது. கடையில் இரண்டு கவுண்டர். அவளுடையதில் ஈ காக்கை இல்லை. என்னுடையதில் வாசல்வரை ஆட்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் அப்படியான விஷயங்களை வாயால் சொல்கிற நாகரிகமற்ற கூட்டம் இல்லை. அந்தப் பிள்ளை கெதியாய்க் கதைக்கிறது, விளங்குதில்லை என்றார் ஒருவர். அந்தக் கவுண்டருக்கு மேலே உள்ள லைற் கண்ணைக் குத்துகிறது என்றார் இன்னொருவர். அங்கே குளிர் அடிக்கிறது என்றார் மூன்றாமவர். குளிர் அடிப்பது என் கவுண்டரில்தான். வாசல் அங்கேதான் இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? அவர்களை அதட்டினேன் என்று எழுத ஆசைதான். நான் பலகை மாட்டினேன். அவளுடைய கவுண்டருக்கு மேலே “ஆங்கிலம்.” என்னுடைய கவுண்டருக்கு மேலே “தமிழ்.” இனி யாரும் யாரையும் ஒதுக்குவதாகத் தெரியாது. மொழிச் சேவை என்று பெயர். இதை ஒரு பத்திரிகை நண்பர் பாராட்டிக்கூட எழுதினார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து கணினி வேலை செய்யும் பையன் ஒருவர் இரண்டு பலகையையும் பார்த்துக் குழம்பிப்போனார். “ஏங்க, அவங்களும் தமிழ்தானே?” என்று என்னிடமே கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவளிடம் போய் மருந்து வாங்கினார். எங்கள் ஊர் வரைபடம் அவருக்குத் தெரியாது. அவர் ஊர் வரைபடம் எனக்குத் தெரியாது. அதனால் இருவரும் நல்லவர்களாக இருக்க முடிந்தது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கடையை நிரோஷாவுக்குத் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். நான் ஓய்வு பெறும்போது அவள் வாங்கிக்கொள்வதென்று பேச்சு. அதை நம்பி மார்க்கத்தில் வந்த பெரிய வேலையை அவள் வேண்டாம் என்று விட்டாள். வரிசை மாறிய பிறகு மாஸ்ரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தன் மருமகனும் பாமசிஸ்ற்தான் என்றார். கடை வேறு ஆட்களின் கைக்குப் போனால் சனம் வேறு கடைக்குப் போய்விடும் என்றார்.

“பாப்பம் மாஸ்ரர்” என்றேன். ஓம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், எந்த அநியாயத்தையும் வருடக்கணக்கில் கிடப்பில் போட உதவும் சொல் அது. அன்றிலிருந்து நிரோஷா கடைப் பத்திரம் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவளுக்கும் அதே “பாப்பம்”தான்.

இரண்டு புனல்

பலகை மாட்டும் புத்தி எனக்குப் புதிதாக வந்ததல்ல. பரம்பரைச் சொத்து.

ஊரில் சந்தியிலே என் பெரியப்பாவுக்கு மருந்துக்கடை இருந்தது. சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலத்தில் நான் அங்கே மருந்து ஊற்றிக் கொடுத்தேன். கடைக்கு முன்வாசல் ஒன்று. பக்கத்திலே ஒழுங்கை என்ற சிறு சந்தின் பக்கமாக ஒரு சின்ன யன்னல். குளத்தடி ஆட்கள் அந்த யன்னலுக்குத்தான் வர வேண்டும். முன்வாசலுக்கு வரக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை.

உள்ளே இரண்டு புனல் தொங்கும். முன்வாசல் ஆட்களின் போத்தலுக்கு நீலக் கரை போட்ட எனாமல் புனல். யன்னல் ஆட்களின் போத்தலுக்குத் தகரப் புனல். ஊற்றுவது ஒரே சாடியிலிருந்து, ஒரே சிவப்புத் தண்ணி. இருமலும் ஒரே இருமல்தான். முன்வாசல் போத்தலில் பெயர் எழுதித் துண்டு ஒட்டுவோம். யன்னல் போத்தலில் துண்டு இல்லை.

யன்னலில் கொடுக்கும்போது கை படக்கூடாது. போத்தலைக் கொஞ்சம் உயரத்தில் பிடித்து விட வேண்டும். கீழே அவர்கள் ஏந்திக்கொள்வார்கள். ஒருநாள் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு கைதான் மிச்சம். நான் விட்டேன், அவளால் பிடிக்க முடியவில்லை. போத்தல் யன்னல் கல்லில் பட்டு உடைந்தது. மருந்து ஒழுங்கை மண்ணில் ஓடியது.

இன்னொரு போத்தல் கொண்டு வா என்று சொன்னேன். அவள் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினாள். ஒழுங்கையால் போகிறவர்களின் காலில் குத்திவிடும் என்று பொறுக்கினாள். பிறகு போனாள். திரும்பி வரவில்லை. குழந்தைக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் நிரோஷாவின் அம்மம்மாவாக இருக்கலாம் என்று எழுதினால் கதைக்கு நல்ல முடிச்சு விழும். எனக்குத் தெரியாது. யன்னலில் பெயர் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

பெரியப்பா செத்தபோது நினைவு மலரில் “வேற்றுமை பாராத வள்ளல்” என்று அச்சடித்தார்கள். எழுதிக் கொடுத்தது நான்.

பிறகு கனடா வந்தோம். பார்க்டேலில் ஓரறை வீட்டில் ஆறு பேர். ஒரே போர்வைக்குள் மூன்று பேர் படுத்தோம். ஒரே குளிர் அங்கியை முறை வைத்துப் போட்டோம். அப்படியிருந்தும் யார் சமைக்கலாம் என்பதை முடிவுசெய்ய முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் கேட்டார், ஊரிலை எவடம் என்று. அகதிக் கடதாசி வர நாலு வருடம் எடுத்தது. அந்தக் கேள்வி எங்களோடு அதே விமானத்தில் வந்திறங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை

திரும்பவும் மார்கழிக்கு வருகிறேன். மாஸ்ரர் என் கவுண்டருக்கு வந்தார். அட்டையை நிரோஷா முதல்நாளே அடைத்துத் தயாராக வைத்திருந்தாள். அதை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. அட்டையைப் பின்னால் நிரோஷாதான் அடைக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டிருக்கிறார்.

“தம்பி, எனக்கு முன்னாலை உங்கடை கையாலை அடைச்சுத் தாங்கோ. அப்பத்தான் எனக்கு மனம் ஆறும்.”

நிரோஷா அந்த நேரம் தடுப்பூசி அறைக்குள் மிஸிஸ் லூயிஸ் என்ற வயதான வாடிக்கையாளருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்குகிறது மாஸ்ரர் என்று சொல்லியிருக்கலாம். கைராசிக்காரன் எப்படி அதைச் சொல்வது? மூடியை உரித்தேன். போத்தல்களிலிருந்து குளிசைகளைத் தட்டில் எண்ணிக் கொட்டிப் புதிதாக அடைத்தேன். அவள் சரிபார்க்காமல் எந்த அட்டையும் வெளியே போவதில்லை என்பது எங்கள் கடையின் சட்டம். அன்று அந்தச் சட்டத்தை நானே மீறினேன். மாஸ்ரர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

இரண்டு நிமிடத்தில் நிரோஷா வெளியே வந்தாள். தட்டில் மிஞ்சிக் கிடந்த குளிசைகளைப் பார்த்தாள். உரித்த மூடியைப் பார்த்தாள். நீரிழிவுக்கான சீனி வருத்தக் குளிசை இருக்க வேண்டிய அளவைவிட மிகக் குறைவாக இருந்தது. காலைக் குழியில் மட்டும் போட வேண்டியதை நான் படுக்கைக் குழியிலும் போட்டிருந்தேன். அந்த வயதில், வெறும் வயிற்றோடு, படுக்கப்போகும்போது விழுங்கினால் சீனி இறங்கி விடியும்போது எழும்பாமலே போகலாம்.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

கார் கண்ணாடி கடைசியில் இரண்டு விரல் அளவு இறங்கியது. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கடைப் போன் அடித்தது. மாஸ்ரர் காருக்குள் இருந்தபடி என்னைக் கூப்பிடுகிறார்.

“தம்பி, உந்தப் பிள்ளை அட்டையிலை பிழை எண்டு மறிச்சுக்கொண்டு நிக்குது. நீங்கள் போட்டதிலை என்னெண்டு பிழை வரும்?”

இதுதான் சந்தர்ப்பம். பிழைதான் மாஸ்ரர், என் கை நடுங்கிவிட்டது, அவள் சொல்வதைக் கேளுங்கள் என்று சொன்னால் முடிந்தது. வரிசையில் நின்ற பத்துப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“குடுத்துவிடுங்கோ மாஸ்ரர்” என்றேன். “எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான்தான் அவளை அனுப்பினனான்.”

கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கியது. மாஸ்ரர் பையை வெளியே நீட்டி, அவள் கை வருவதற்கு முன்பே விட்டார். பை பனியில் விழுந்தது. நிரோஷா குனிந்து எடுத்தாள். எங்கள் யன்னலில் நான் விட்ட அதே உயரம்.

அவள் வந்து, விறைத்த கையைச் சுடுதண்ணியில் நனைத்துத் துடைத்துவிட்டுப் புதிய அட்டை அடைத்தாள். நான் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் போய் மாஸ்ரரிடம் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். உங்களாலை என்ரை உயிர் தப்பிச்சுது என்றார். எல்லாம் கடவுள் செயல் என்றேன். நிரோஷாவுக்குப் பதிலாகக் கடவுளைச் சொன்னேன்.

விதிப்படி நடந்த பிழையை எழுதி வைக்க வேண்டும். அவள் நடந்தது நடந்தபடி எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அன்று அந்தக் கடையில் உண்மையாக இருந்தது அந்த ஒரு தாள்தான்.

மிஸிஸ் லூயிஸின் அப்பா

ஊசி போட்டால் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டுப் போக வேண்டும். மிஸிஸ் லூயிஸ் கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எண்பது தாண்டிய கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவின் தெற்கிலே ஒரு சிறிய ஊரில் பிறந்து, கலியாணம் கட்டி ரொறன்ரோ வந்தவர். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். உன் கடையில் பின்கதவு எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவசர வழி ஒன்று இருக்கிறது, தீயணைப்பு விதிப்படி அமைத்தது என்று நான் விளக்கினேன். அவர் சிரித்தார்.

அவருடைய அப்பாவும் பாமசிஸ்றாம். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் எல்லாமே தனித்தனியாக இருந்த காலம். தண்ணீர்க் குழாய் வேறு, பஸ்ஸில் இருக்கை வேறு, பள்ளிக்கூடம் வேறு. கறுப்பர் தெருவில் அப்பாவின் மருந்துக்கடை. இருமல் மருந்து கலப்பதில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆளில்லையாம். பகலில் வெள்ளையர்கள் அந்தக் கடையைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். பொழுதுபட்டதும் பின்கதவைத் தட்டுவார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு அப்பாவை வயதுக்குரிய மரியாதை இல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நன்றி சொல்ல வேண்டியவர் அப்பா.

அப்பா ஒவ்வொரு போத்தலிலும் தன் முழுப் பெயரையும் எழுதி ஒட்டுவாராம். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வீடு போய்ச் சேருமுன் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். சுரண்டுகிறார்கள் என்று மகள் போய்ச் சொன்னாளாம். அதற்குப் பிறகு அப்பா இன்னும் பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினாராம்.

இதைச் சொல்லிவிட்டு மிஸிஸ் லூயிஸ் மேலே இருந்த இரண்டு பலகைகளையும் பார்த்தார். தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றார். ஆனால் இந்தப் பலகையைத் தன்னால் வாசிக்க முடிகிறது என்றார். பதினைந்து நிமிடம் முடிந்ததும் எழும்பிப் போய்விட்டார்.

பொன்னாடை

தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சங்கம் எனக்குப் பாராட்டு விழா வைத்தது. ஸ்காபறோவில் ஒரு விருந்து மண்டபம். நிரோஷாவையும் தகப்பனையும் நான்தான் கட்டாயம் வரச் சொன்னேன். மேடையில் வைத்துக் கடையை அவளுக்குக் கொடுப்பதை அறிவிக்கிறேன் என்றேன். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். தகப்பன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்களுக்குக் கிடைத்த மேசை சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

மாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடித்தார். மார்கழிக் கதையைச் சொன்னார். ஆயிரம் குளிசைக்குள் ஒரு குளிசை பிழையென்று தம்பியின் மனதுக்குத் தட்டியதாம். உடனே கடையில் வேலை செய்கிற பிள்ளையை ஓடு என்று அனுப்பினாராம். மண்டபம் கை தட்டியது. இந்தக் கடை என்றைக்கும் எங்கடை ஆக்களின் கையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி முடித்தார். அதற்கும் தட்டினார்கள்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கடை விலைத்துண்டு அதில் அப்படியே தொங்கியது. ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. நான் சமையலறைக் கதவுப் பக்கம் பார்த்தேன். எல்லாருக்கும் நன்றி சொன்னேன். கடை விஷயம் பாப்பம் என்றேன்.

நிரோஷாவின் தகப்பன் எழும்பினார். கதிரையை மெதுவாக மேசைக்குள் தள்ளினார். மகளின் குளிர் அங்கியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் சாப்பிடாமல் போனார்கள்.

திங்கட்கிழமை காலை அவள் விலகல் கடிதத்தை என் மேசையில் வைத்தாள். மாஸ்ரருக்காக நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் விடவில்லை.

“அங்கிள், எனக்கு மாஸ்ரரிலை கோவம் இல்லை. அவர் எவடம் எண்டு கேக்கேக்கையே எனக்குத் தெரியும். பொய் சொல்லு எண்டு அப்பா சின்னனிலையே சொல்லித் தந்தவர். ஐ ஜஸ்ற் டிடின்ற் வோன்ற் ரு, பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.” கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். “அண்டைக்குக் கார் போன் ஸ்பீக்கரிலை இருந்தது. நான்தான் அனுப்பினனான் எண்டு நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. என்ரை கை அந்தக் காரிலைதான் இருந்தது.”

எனக்குத் தலை நிமிரவில்லை. கடை உன்னுடையது, இன்றைக்கே வக்கீலிடம் போவோம் என்றேன்.

“கடை எனக்கு வேணும்” என்றாள். “ஆறு வருசம் இதை நடத்தினது நான். ஆனா உப்பிடிப் பின்கதவாலை வேண்டாம். நீங்கள் கிழமைக்குக் கிழமை பேப்பரிலை எழுதுறீங்கள்தானே. இதையும் எழுதுங்கோ. ஆர் அடைச்சது, ஆர் ஓடினது, போனிலை நீங்கள் என்ன சொன்னனீங்கள். ஃபிரைடே பேப்பர் வரட்டும். மண்டே சைன் பண்ணுறன்.”

பாப்பம் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.

நிபந்தனை

எழுதிவிட்டேன். தகரப் புனலையும் உடைந்த போத்தலையும் அவள் கேட்கவில்லை. அவை நானாகச் சேர்த்தவை. இரண்டு பலகைகளையும் நேற்று கழற்றினேன். ஏணியில் ஏறியது அவள். நான் கீழே பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கடை வாசலில் இந்தப் பத்திரிகை கட்டுக்கட்டாக இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் பொழுது போக இதைத்தான் எடுத்து வாசிப்பார்கள். மாஸ்ரரும் வாசிப்பார். முதலில் மரண அறிவித்தல், பிறகு என் தொடர், அதுதான் அவருடைய ஒழுங்கு. வெள்ளிக்கிழமை இந்தக் கட்டின் கயிற்றை நிரோஷாவே வெட்டி அடுக்குவாள். எத்தனை பேர் மருந்துச் சீட்டை வேறு கடைக்கு மாற்றுவார்கள் என்று தெரியாது. மாற்றட்டும்.

புது லேபிள் அச்சடித்து வந்துவிட்டது. மூலையில் இருந்த முதலெழுத்து போய், நடுவில் பெரிய எழுத்தில் அவளுடைய முழுப் பெயர், தகப்பன் பெயரோடு இருக்கிறது. சுரண்ட விரும்புபவர்கள் சுரண்டலாம். ஆறு வருடமாக அவள் கையால் விழுங்கியதை எப்படிச் சுரண்டுவார்கள் என்றுதான் தெரியவில்லை.